ஒரே வளவு, வேறு உலை

மகள், உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். தை மாதம் கலியாணம். மாப்பிள்ளை தம்பலகாமத்துப் பிள்ளை, திருகோணமலை ரவுணில் வங்கியில் வேலை. நீங்கள் ஆசிரியை. அம்மா இருக்கிற வீட்டில் அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எடுக்கிறாள். அண்ணா கனடாவில். 18 பேர்ச் வளவு, ஒரு கிணறு. அம்மா உங்களையும் அங்கேயே இருக்கச் சொல்லுகிறா. உங்களுக்கு உவர்மலைப் பக்கம் வாடகைக்குப் போகலாமா என்று யோசனை. கூட்டுக் குடும்பத்தில் நன்மை என்ன, தீமை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 31 வருடம் படிப்பித்தவள். ஓய்வுக்குப் பிறகு 6 வருடம், பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபையில் இருந்தேன். அங்கே வந்த காணிப் பிணக்குகளில் பாதிக்கு மேல் ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு இடையில் வந்தவை. அதோடு, பிறந்தது, கலியாணம் முடித்தது, பிள்ளை வளர்த்தது, அம்மாவைக் கடைசி வரை பார்த்தது எல்லாம் தங்கச்சி குடும்பத்தோடு ஒரே வளவுக்குள்தான். அதனால் தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

கூட்டுக் குடும்பம் என்றவுடன் எங்களுக்குத் தொலைக்காட்சி நாடகத்தின் மாமியாரும் மருமகளும் நினைவுக்கு வருகிறார்கள். அண்ணன் தம்பி நாலு பேர், அவர்களுடைய பெண்சாதிகள், ஒரு சமையலறை. அது தமிழ்நாட்டின் கதை. திருகோணமலையில் வீடு போகிற வழி வேறு. இங்கே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தாய் தகப்பன் வீட்டை மூத்த மகளுக்கு விட்டுவிட்டுப் பின்வளவில் ஒரு சின்ன வீடு கட்டிப் போவார்கள், அதையும் பிறகு அடுத்த மகளுக்கு எழுதுவார்கள். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் போனால் தாய்வழிக் குடிமுறையாகவே அது இருக்கிறது. 'வீட்டோட மாப்பிள்ளை' என்பது வேறு ஊர்களில் ஒரு மனிசனைக் குறைத்துச் சொல்லுகிற சொல். எங்கள் ஊரில் எல்லா மாப்பிள்ளையும் வீட்டோட மாப்பிள்ளைதான்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நன்மை தீமை இரண்டும் இந்த வழியால்தான் வருகிறது. இங்கே பெண் தன் தாயின் வீட்டில், தன் கிணற்றடியில், சின்ன வயதில் இருந்து தெரிந்த அயலுக்கு நடுவில் குடும்பம் நடத்துகிறாள். புருசன் கை நீட்டினால் அடுத்த அறையில் அவளுடைய ஆட்கள் இருக்கிறார்கள். அது பெரிய காப்பு. ஆனால் சண்டை வந்தால் அது அக்காவுக்கும் தங்கச்சிக்கும் வருகிறது. மாமியாரோடு பிரச்சினை என்றால் ஊர் முழுக்கச் சொல்லி அழலாம். கூடப் பிறந்தவளைப் பற்றி யாரிடம் சொல்லுவது? அதனால் அது உள்ளே கிடந்து புளிக்கும்.

நல்லதைச் சொல்லுகிறேன். உங்களுக்கு அரச வேலை. பிரசவ விடுமுறை சம்பளத்தோடு 84 வேலை நாட்கள். அது முடிந்து பள்ளிக்கூடம் போகிற முதல் நாள் காலையை நினைத்துப் பாருங்கள். நான் படலையைத் திறந்து வெளியே போக, மகன் அம்மாவின் தோளில் கிடந்தான். அழவில்லை. அவனுக்கு அந்தத் தோளும் பழக்கம். அதற்கு முந்திய நாட்களில் சரக்கு அரைத்துக் கறி வைத்தது, என்னை வேது வைத்துக் குளிக்க வார்த்தது, இரவில் பிள்ளை அழுதால் எழும்பி விளக்குப் போட்டது எல்லாம் அம்மாவும் சின்னம்மாவும். காசு கொடுத்து இதற்கு ஆள் பிடிக்க முடியாது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளை எங்கள் மாவட்டத்தில் அம்மம்மாக்கள்தான் வளர்த்து எடுத்தார்கள்.

இரண்டாவது, இந்த ஊர் பட்ட பாடு. கலவரம், போர் என்று 1983 இலும் 1990 இலும் ஓடினோம். 2006 இல் சம்பூரை விட்டு வெளிக்கிட்ட சனம் 2015க்குப் பிறகுதான் தங்கள் காணியை மிதித்தது. அதுவரை கிளிவெட்டி, கட்டைபறிச்சான் பக்கத்து முகாம்களிலும் இனசனத்தின் வீடுகளிலும் இருந்தார்கள். புருசனை இழந்த பெண்களையும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளையும் முதலில் ஏற்றுக்கொண்டது யார்? பெரியம்மா வீடு, மாமா வீடு.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒரு பழக்கம். இரவு படலை பூட்ட முன் விறாந்தைப் படியில் கிடக்கிற செருப்புகளை எண்ணுவா. 11 சோடி இருந்தால் பூட்டுவா. குறைந்தால் திறப்பை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே இருப்பா. 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். அன்று சுனாமியில் கடல் ஏறின பிறகு உப்புவெளியிலும் சல்லியிலும் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் எங்கள் வளவுக்குத்தான் ஓடி வந்தார்கள். அன்றிரவு 27 பேர். அம்மா படலை பூட்டப் போனா. படியில் செருப்பு இல்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வெறுங்காலோடு வந்திருந்தார்கள். லாம்பைத் தூக்கிக்கொண்டு பாயில் கிடந்த ஒவ்வொரு தலையாக எண்ணினா. எண்ணி முடித்துவிட்டு இன்னொரு தரம் முதலில் இருந்து எண்ணினா. இரண்டு மாதம் அவர்கள் எங்களோடு இருந்தார்கள். தனிக்குடும்பமாக மூன்று அறை வாடகை வீட்டில் இருந்திருந்தால் எங்களால் அதைச் செய்திருக்க ஏலாது.

2022 இல் காஸ் சிலிண்டருக்கு விடிய விடிய வரிசையில் நின்ற நாட்களையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒருவர் காஸ் வரிசையில், ஒருவர் பெற்றோல் வரிசையில், ஒருவர் வீட்டில் விறகு அடுப்பில் எல்லாருக்குமாக ஒரு பானை. ஆள் இருந்த வீடுகள் தாக்குப்பிடித்தன. சின்னக் குழந்தையோடு தனியாக இருந்த என் பழைய மாணவி ஒருத்தி, புருசன் வரிசையில் நின்ற அந்த நாட்களில் மூன்று நேரமும் பாண்தான் சாப்பிட்டதாகச் சொன்னாள்.

இனி மற்றப் பக்கம். இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் ஊரில் யாரும் பேசுகிறதில்லை.

எங்கள் வளவில் முதல் 5 வருடம் ஒரே உலை. சம்பளம் எல்லாம் அம்மாவின் கையில். நான் ஒருநாள் பால்மாப் போத்தலில் பேனையால் ஒரு கோடு கீறி வைத்தேன். என் மகனுக்கு வாங்கின பால்மா கெதியாக முடிகிறது என்று சந்தேகம். தங்கச்சியின் புருசன் கடலுக்குப் போகிறவர், விடியப்புறம் 3 மணிக்கு எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பார். அவர் அந்தப் பால்மாவைத் தொட்டாரோ இல்லையோ எனக்கு இன்றைக்கும் தெரியாது. தங்கச்சி அந்தக் கோட்டைக் கண்டுவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. போத்தலைக் கழுவித் துடைத்து, புதுப் பக்கற் வாங்கி வாய் மட்டத்துக்கு நிரப்பி, கோடு தெரிகிற மாதிரி முன்னுக்குத் திருப்பி வைத்தாள். 11 நாள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா ஒன்றும் சொல்லாமல் பின்பக்கம் பத்தி இறக்கின இடத்தில் மூன்று கல் வைத்து, மண் குழைத்துப் பூசி இன்னொரு அடுப்புப் போட்டா. "இனி ஆளுக்கொரு உலை. கறி மாத்திச் சாப்பிடுங்கோ" என்றா. அதற்குப் பிறகு எங்களுக்குள் சாப்பாட்டுக் கணக்கில் சண்டை வந்ததே இல்லை. மத்தியானத்தில் வேலிக்குள்ளால் இல்லாமல், முற்றத்தால் கறிக்கிண்ணம் வந்து போகும்.

மத்தியஸ்த சபைக்கு வந்த சகோதரிகளிடம் நான் முதலில் கேட்கிற கேள்வியும் அதுதான்: உலை ஒன்றா, இரண்டா? காணிக்காக வந்திருக்கிறோம் என்பார்கள். கதைக்கக் கதைக்க, ஆரம்பம் ஒரு மீன் துண்டிலோ கரண்ட் பில்லிலோ இருக்கும். கரண்ட் பில்லில் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டுப் பாவனைக்கு அலகு கூடக் கூட அலகின் விலையும் படிப்படியாக ஏறும். மூன்று குடும்பம் ஒரே மீற்றரில் இருந்தால் மொத்தப் பாவனை மேல் படிக்குப் போய்விடும். தனித்தனி மீற்றரில் கட்டுவதை விடக் கூட வரும். எந்தக் குடும்பம் எவ்வளவு பாவித்தது என்றும் தெரியாது. ஐஸ்பெட்டி யாருடையது, ஏசி யாருடைய அறையில் என்று அன்றைக்கே கதை தொடங்கும். வேறு மீற்றர் எடுக்க ஒருதரம் செலவு வரும். அது கலியாண வீட்டுச் செலவில் ஒரு சின்னத் துண்டு.

அடுத்தது தனிமை. பழைய வீடுகளில் அறைச்சுவர் கூரைவரை போகாது. சுவருக்கும் முகட்டுக்கும் நடுவில் வெளி. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணி கொண்டு வருவார்கள். புதுசாகக் கலியாணம் முடித்தவர்களுக்கு அது பெரிய கஸ்டம். சிரிக்கவும் ஏலாது, சண்டை பிடிக்கவும் ஏலாது. சண்டை பிடிக்க இடம் இல்லாத புருசன் பெண்சாதி சமாதானமாகவும் பழக மாட்டார்கள். போருக்குப் பிறகு வீட்டுத்திட்டங்களில் கட்டின வீடுகளோ ஒரு சின்னக் குடும்பத்தைக் கணக்கில் வைத்துக் கட்டினவை. அதற்குள்ளும் மூன்று தலைமுறை இருக்கிறது. பத்தி இறக்கித் தகரம் போட்டு, அதில் மருமகனும் மகளும். உங்கள் பெறாமகள் பரீட்சைக்குப் படிக்கப் போகிறாள் என்றீர்களே, அவளுக்கு ஒரு மேசையும் இரவு 10 மணி வரை சத்தமில்லாத ஒரு மூலையும் எங்கே என்று அக்காவிடம் கேட்டீர்களா? நீங்கள் வருகிற அறை இப்போது அவள் படிக்கிற அறையாக இருந்தால், மனக்கசப்பு உங்கள் கலியாணத்தன்றே தொடங்கிவிடும்.

ஒரு விசயத்தை வெட்கப்படாமல் எழுதுகிறேன். ஆட்கள் நிறைந்த வீடு பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நம்புகிறோம். பெரும்பாலும் அது சரி. ஆனால் பள்ளிக்கூடத்தில் என்னிடம் வந்து அழுத பிள்ளைகள் சிலருக்குக் கரைச்சல் கொடுத்தவர் வெளியாள் இல்லை. வீட்டோடு வந்து போகிற சொந்தக்காரர். "நம்ம ஆள்தானே" என்று யாரும் பார்க்காத மூலையில்தான் அது நடக்கிறது. தெரிந்த பிறகும் குடும்ப மானம் என்று மூடுவார்கள், ஏனென்றால் அந்த ஆளும் அதே வீட்டில்தான் சாப்பிடுகிறார். பிள்ளை ஒன்று சொன்னால் நம்புங்கள். சிறுவர்களுக்கான 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

முதியவர்களைப் பார்ப்பதைப் பற்றி. 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் நூற்றுக்கு 12க்கு மேல். இப்போது அது இன்னும் கூடியிருக்கிறது. முதியோர் இல்லங்கள் எங்கள் பக்கம் மிகக் குறைவு. அப்படியென்றால் வீடுதான். எங்கள் அம்மா பாரிசவாதத்தில் 4 வருடம் படுக்கையில் கிடந்தா. பகல் தங்கச்சி, பள்ளி விட்டு வந்து இரவு நான். முதுகில் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருத்தியால் அது முடியாத வேலை. இரண்டு குடும்பம் ஒரே வளவில் இருந்தபடியால் அம்மா புண் இல்லாமல் போய்ச் சேர்ந்தா. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் நிறையும்.

ஆனால் வீடு யாருக்கு எழுதப்பட்டதோ அவள் தலையில் முழுப் பாரத்தையும் போட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்குவதும் எங்கள் வழக்கத்தில் இருக்கிறது. "வீட்டை எடுத்தவள்தானே, பார்க்கட்டும்." வெளிநாட்டில் இருக்கிற மகன் காசு அனுப்புவார், காணொளி அழைப்பில் வந்து, அம்மா மெலிந்து போனா, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்பார். மலசலம் எடுக்கிறவளுக்கு அந்தக் கேள்வி குத்தும். அவரையும் நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வழக்கத்தில் மிகக் கூட இழக்கிறவர் ஆண்பிள்ளைதான். தங்கச்சிமாருக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வரை தன் கலியாணத்தைத் தள்ளி, 40 வயதில் தாலி கட்டின அண்ணன்மார் எத்தனை பேர்! கட்டிக் கொடுத்த வீட்டுக்கு விடுமுறையில் வந்தால் அவருக்கென்று ஒரு அறை இருக்காது. உங்கள் அண்ணாவுக்கு அந்த வளவில் என்ன இருக்கிறது என்று யோசித்தீர்களா? சட்டத்தில் பிள்ளைகள் தாய் தகப்பனை வேண்டுமென்று கைவிடக்கூடாது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் பராமரிப்புக் கேட்கச் சபை ஒன்றும் இருக்கிறது. மகன், மகள், வீடு எடுத்தவள், எடுக்காதவள் என்ற வித்தியாசம் அதில் இல்லை.

இனி காணி உறுதி. உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; எனக்கு அதுதான் பயம். "வீடு உங்கள் இரண்டு பேருக்கும்தான்" என்று அம்மா சொல்லியிருப்பா. வாய்ச்சொல்லில் காணி கை மாறாது. 1840 இல் இருந்தே இந்த நாட்டில் காணி எழுதுவது நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சியோடுதான் செல்லும். எங்கள் மாவட்டத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான்; தேசவழமை என்கிற வழக்குச் சட்டம் வடமாகாணத் தமிழருக்கு உரியது. பொதுச் சட்டப்படி எழுதாமல் ஒருவர் இறந்தால் பாதி உயிரோடு இருக்கிற துணைக்கு, மிச்சப் பாதி ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. அதாவது அப்பா பெயரில் இருந்த காணி என்றால் அண்ணாவுக்கும் இப்போதே அதில் பங்கு உண்டு. முதலில் உறுதி யார் பெயரில் என்று பாருங்கள். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியாக இருந்தால் கதை வேறு. பிரதேச செயலகத்தைக் கேளாமல் பிரிக்கவோ கைமாற்றவோ ஏலாது. அதில் பின்னுரித்துக்கு, அதாவது காணிக்காரருக்குப் பிறகு யாருக்கு என்பதில், ஆண்பிள்ளையை முன்னுக்கு வைத்த ஒழுங்கு 2022 இல்தான் திருத்தப்பட்டது.

18 பேர்ச்சை இரண்டாகப் பிரிக்கலாம். பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டுக்கு அனுமதி கிடையாது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நில அளவையாளரைக் கொண்டு படம் கீறி, எந்தத் துண்டு யாருக்கு என்று எழுதும்போது கிணற்றுப் பங்கையும் படலைக்குப் போகிற பாதையையும் மறக்காமல் எழுதுவியுங்கள். பின்துண்டுக்காரிக்குப் பாதை எழுதாமல் விட்டு, அக்கா செத்த பிறகு அக்காவின் மருமகன் வேலி அடைத்த வழக்கை நான் ஒன்றல்ல, பலது கண்டிருக்கிறேன். அம்மா தன் சீவிய உருத்தை, அதாவது உயிரோடு இருக்கும் வரை அங்கே இருக்கிற உரிமையை, வைத்துக்கொண்டு எழுதவேண்டும். அது இல்லாமல் எழுதிக்கொடுத்துவிட்டுத் தன் வீட்டிலேயே விருந்தாளியாக இருக்கிற தாய்மாரைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

உங்களுக்கு என் முடிவைக் கேட்டால், அம்மாவோடு ஒரே வளவில் இருங்கள். ஆனால் அக்காவின் வீட்டுக்குள் ஒரு அறைக்குள் போகாதீர்கள். பின்பக்கத்தில் ஒரு அறை, ஒரு குசினி, ஒரு கழிவறை கட்டும் வரை உவர்மலையில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்தால் ஒன்றும் குறையாது. ரவுணில் இருந்து நடந்தே வரக்கூடிய தூரம். அந்த ஒரு வருடத்தில் பெறாமகளின் பரீட்சையும் முடியும், நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பழகவும் நேரம் கிடைக்கும். குடிபோகும் முதலே வேறு மீற்றர். உறுதிக் கதையை அக்கா, அத்தான், அம்மா எல்லாரும் இருக்க, அண்ணாவையும் தொலைபேசியில் வைத்துக்கொண்டு ஒரே நாளில் கதையுங்கள். அம்மாவிடம் தனியாகவும் அக்காவிடம் தனியாகவும் கதைத்தால் இரண்டு கதை உருவாகும்.

இன்னொன்று. இவ்வளவு நீளமாக எழுதிய கேள்வியில் அம்மாவின் விருப்பம் இருக்கிறது, அக்காவின் வசதி இருக்கிறது, உங்கள் யோசனை இருக்கிறது. தம்பலகாமத்தில் இருந்து தன் தாயை விட்டுவிட்டு உங்கள் கிணற்றடிக்கு வரப்போகிற அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி கூட இல்லை. அவருடைய அம்மாவை யார் பார்ப்பது என்பதும் இல்லை. வீடு பார்க்கப் போக முதல், இந்தக் கிழமையே அவரைக் கேளுங்கள்.